பிரீலோடைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகாது
குவாட் பைக் (நாலு சக்கர மணல் வண்டி) அதிகம் குலுங்கினால் பிரீலோடை, அதாவது ஷாக்கின் (அதிர்வு தாங்கியின்) ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, குறைக்க வேண்டும், ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அது தவறு. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளிலும் இருக்கிறது. பிரீலோடைக் கூட்டிக் குறைக்கும் வளையம் வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். ஷார்ஜா பக்கம் அல் பதாயர் மணல்மேடுகளில் வாடகை வண்டிகளைப் பராமரித்தபோது நானும் எல்லா வளையத்தையும் கடைசிப் படிவரை தளர்த்தினேன். மேட்டிலிருந்து இறங்கிய வேகத்தில் ஷாக் அடிவரை போய் முட்டி, ஓட்டியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இன்றும் அது மனதை உறுத்துகிறது. அதன்பிறகு அளந்துதான் வைப்பேன்: சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து மட்கார்டு வரை ஒரு அளவு, இறக்கி, நாலு தடவை அமுக்கிவிட்டு, ஆள் உட்கார்ந்தபின் இன்னொரு அளவு. சக்கரம் மொத்தம் 240 மி.மீ. ஏறி இறங்குமென்றால் இந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 80 மி.மீ. வாக்கில் வரும்படி வளையத்தை வையுங்கள். இடமும் வலமும் ஒரே படியில் வையுங்கள். குலுக்கலுக்கு ஷாக்கையே மாற்றச் சொல்பவர்கள் முதலில் டயர் காற்றைப் பார்க்கட்டும். இந்த வண்டிகள் பலவற்றுக்கு 5 பிஎஸ்ஐ அளவுதான். கார் டயர்போல 30 அடித்தால் எந்த ஷாக் போட்டாலும் குலுங்கத்தான் செய்யும்.