இயந்திரத்துக்கு முன் தண்ணீர்

திருகோணமலைக்கு டயலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியைச் சுத்திகரிக்கும்) இயந்திரங்களும் மாணவருக்குப் புலமைப்பரிசிலும் தர முன்வந்த தொழிலதிபருக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 4 மணித்தியாலம் ஓடினால் ஒரு நோயாளிக்கே 120 லீற்றர் சுத்தமான நீர் வேண்டும். அந்த நீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. தொகுதி கழித்துவிடும் நீர் வேறு. அந்தத் தொகுதிக்கு முன்னால் கரி வடிகட்டி கட்டாயம். கரி தீர்ந்து, குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் கசிந்தால் செங்குருதிக் கலங்கள் உடைந்துவிடும், உயிராபத்து. ஒவ்வொரு நோயாளர் சுற்றுக்கு முன்னும் நீரில் மொத்தக் குளோரின் (குளோரமைனும் சேர்த்து) சோதிக்க வேண்டும், லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோதனைப் பட்டிகள் சின்னச் செலவுதான், ஆனால் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

டயலைசர் (குருதியை வடிக்கும் வடிகட்டி), குருதிக் குழாய், உதிரிப்பாகம், 5 வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றையும் நன்கொடைக்குள்ளேயே எழுதிவிடுங்கள். வெருகல், மூதூர் பக்கத்து நோயாளர் கிழமைக்கு 3 தரம் வந்துபோக வேண்டும். வாகனச் செலவு இல்லாவிட்டால் ஒரு தரத்தை விட்டுவிடுவார்கள், நெஞ்சில் நீர் கட்டி மூச்சுத் திணறும்.

புலமைப்பரிசிலை மேடையில் ஒரே காசோலையாகக் கொடுக்காதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்பு இலவசம். பிள்ளைகளை வருத்துவது அறை வாடகையும் சாப்பாடும். மாதாமாதம் பிள்ளையின் கணக்கிலேயே போடுங்கள்.