உதவித்தொகை நின்ற பிறகு வரும் ஆண்டுகள்

என் அக்கா மகளுக்கு மத்திய அரசிடமிருந்து வந்துகொண்டிருந்த இசை உதவித்தொகையின் கடைசித் தவணை சென்ற மாதம் அவளுடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அவளுக்கு வயது 23. வயலின் வாசிக்கிறாள். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில் இருப்பதால், அவள் ஒன்பது வயதில் முதன்முதலாக வில்லைப் பிடித்துக் கீச்சென்று இழுத்த நாளிலிருந்து அவளுடைய சாதகத்தை, அதாவது அன்றாடப் பயிற்சியை, கேட்டு வருகிறேன். விண்ணப்பங்கள் அனைத்தையும் நிரப்பிக் கொடுத்தவளும் நான்தான். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் உதவித்தொகைகள் பிள்ளைகள் கற்கும் காலத்தில் துணை நிற்கின்றன. கற்றதை வைத்துக்கொண்டு அவர்கள் மேடையில் காலூன்ற வேண்டிய காலத்தில் விலகிக்கொள்கின்றன.

நன்றியோடு சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி.சி.ஆர்.டி. என்று அழைக்கப்படும் மத்திய அரசின் பண்பாட்டுப் பயிற்சி மையம், 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு 20 வயதாகும் வரை அல்லது முதல் பட்டம் முடியும் வரை உதவி செய்கிறது. அவளுக்குக் கிடைத்த ஆண்டுகளில் அந்தத் தொகை ஆண்டுக்கு ரூ.3,600, அதோடு குருவுக்குச் செலுத்தும் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.9,000 வரை திரும்பக் கிடைக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் 300 ரூபாயும் 750 ரூபாயும். தொகை சிறியதுதான். ஆனால் அவளுடைய அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்; நடை கிடைக்காத மாதங்களில் வீட்டில் முதலில் நிறுத்தப்படும் செலவு இசை வகுப்பாகத்தான் இருந்திருக்கும். அது நிற்காமல் இருந்ததற்கு அந்தத் தொகையே காரணம். 21 வயதில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்குத் தேர்வானாள். 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்கும் திட்டம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூ.30,000, ஆக நான்கு தவணைகள்.

அந்தப் பணம் எதை வாங்கித் தந்தது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை முடித்து நள்ளிரவுக்கு மேல் வந்து படுப்பவர் குடியிருந்தார். இவள் காலை நாலரை மணிக்கு எழுந்து, வயலினில் கம்பிகளைத் தாங்கும் குதிரை மேல் ஒரு கறுப்பு ரப்பர் துண்டைச் செருகிக்கொள்வாள். மியூட் என்பார்கள். அதைச் செருகியதும் நாதம் ஒரு வண்டின் ரீங்காரம் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ரீங்காரத்திலேயே அடதாள வர்ணம் என்ற உருப்படியை மூன்று வேகங்களிலும் வாசித்து முடிப்பாள். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்ட பிறகு ரப்பரைக் கழற்றுவாள். அப்போது தெருவுக்கே கேட்கும். கடற்காற்றில் கம்பிகள் சீக்கிரம் கறுத்துப்போகும் என்பதால் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பழைய பருத்தித் துணியால் துடைத்து வைப்பது அவளுடைய வழக்கம். குரு மயிலாப்பூரில் இருந்தார். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகுதான் பயணம் சற்று எளிதானது, அப்போதும் எல்.ஐ.சி.யில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அதற்கு முன் வயலின் பெட்டியை மடியில் நிறுத்திக்கொண்டு பாரிமுனை நெரிசலில் போய்வந்த ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இப்படி வளர்ந்த கலை, சம்பாதிக்கத் தொடங்கும்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வயலின் பக்கவாத்தியம். வாய்ப்பு தேடி வரவேண்டும். அழைப்பது பாடகராகவோ சபா செயலராகவோ இருப்பார். மார்கழியில் இளையவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பகல் நேரம். அனுமதி இலவசம் என்பதால் சன்மானமும் அதற்கேற்பத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் ஒரு சபாவில் இரண்டு மணி நேரம் வாசித்தாள். கல்யாணி ராகத்தில் பாடகி ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலை எடுத்தபோது இவள் கொடுத்த பதிலுக்குக் கைத்தட்டல் எழுந்ததை நானே கேட்டேன். முடிந்ததும் கையில் கொடுத்த கவரில் 500 ரூபாய் இருந்தது. அன்று ஆட்டோவுக்கு மட்டும் நாங்கள் 620 ரூபாய் கொடுத்திருந்தோம். செயலரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சீட்டு விற்காத கச்சேரிக்கு அவராலும் அவ்வளவுதான் முடிந்திருக்கும். ஆனால் அந்த இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டுமல்லவா? இப்போது அதை நிரப்பிக்கொண்டிருப்பது கலைஞரின் குடும்பம். நிரப்ப முடிந்த குடும்பத்துப் பிள்ளை அடுத்த ஆண்டும் மேடையில் இருக்கிறது. முடியாத குடும்பத்துப் பிள்ளை அடுத்த ஆண்டு அழைப்பு வரும்போது "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு சார்" என்று சொல்லிவிடுகிறது. இரண்டு முறை அப்படிச் சொன்னால் மூன்றாவது அழைப்பு வருவதில்லை.

வானொலி தன் கலைஞர்களைத் தரம் பிரிப்பதில் பி கிரேடு, பிறகு பி ஹை, ஏ, ஏ டாப் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் இடையே ஆண்டுகள் ஆகும். இந்தக் கலையின் தன்மை அது. முப்பது வயதில் ஒருவரை "வளர்ந்துவரும் இளங்கலைஞர்" என்று மேடையில் அறிமுகம் செய்வது நம்மிடையே இயல்பு. முப்பதிலும் வளர்ந்துவருபவர் என்று ஏற்றுக்கொள்கிற நாம், உதவியை மட்டும் 23-லோ 25-லோ முடித்துக்கொள்கிறோம். 25 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு மாதம் ரூ.10,000 வீதம் ஓர் இளநிலை நல்கை (ஜூனியர் ஃபெல்லோஷிப்) இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது ஆய்வுக்கானது. ஒரு தலைப்பை எடுத்து, திட்டம் எழுதி, அறிக்கை தர வேண்டும். ஆய்வு செய்பவர்களுக்கு அது அவசியமான உதவி. கச்சேரி வாசிப்பவருக்கு அது தன் தொழிலை விட்டு விலகி நிற்கச் சொல்லும் உதவி. மேலும் அவளுக்கு 25 நிறைய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது.

இந்த இடத்தில் மணலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் மணலி என்றால் இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும் டேங்கர் லாரிகளும் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊரில்தான், ஆங்கிலேயருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த முத்துகிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்று, ராமசுவாமி தீட்சிதர் தம் பிள்ளைகளோடு வந்து தங்கினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். இன்னொருவர் பாலுசுவாமி தீட்சிதர். முதலியாரின் மகன் சின்னையா முதலியார் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய வாத்திய இசையைக் கேட்க வைத்தார். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுவர சாகித்தியங்கள் எனப்படும் பாடல்களுக்கு அந்த மெட்டுகளே அடிப்படை. இளைஞரான பாலுசுவாமியை வயலின் ஈர்த்தபோது, ஓர் ஐரோப்பியக் கலைஞரை ஏற்பாடு செய்து மூன்று ஆண்டுகள் கற்கவைத்ததும் அதே சின்னையா முதலியார்தான். அப்போது கர்நாடக இசை மேடையில் வயலின் கிடையாது. அதைக் கற்றால் பிழைப்பு உண்டு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பாலுசுவாமி அதை நம் இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் வடிவேலுவும் அதில் தேர்ந்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது.

இந்த வரலாற்றை நான் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. மணலி முதலியார் குடும்பம் கொடுத்தது வாத்தியாருக்கான கட்டணம் மட்டுமல்ல. இருக்க வீடும், குடும்பத்துக்குச் சாப்பாடும், பயன் உடனே தெரியாத ஒன்றைச் செய்து பார்ப்பதற்கான ஆண்டுகளும் அதில் அடங்கியிருந்தன. ஒரு தனி மனிதரின் தயவை நம்பி வாழும் அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அந்தத் தயவு எந்தச் சாதிக்காரர்களின் வாசல்வரை வந்தது, யாருடைய வாசலுக்கு வரவே இல்லை என்பதை நாம் அறிவோம். விண்ணப்பம் போட்டு, தேர்வில் வாசித்து, உரிமையோடு பெறுகிற அரசு உதவித்தொகை அதைவிட எவ்வளவோ மேலானது. ஆனால் ஒரு கலைஞர் உருவாக என்ன தேவை என்ற புரிதலில் அந்தக் குடும்பம் நம்மைவிட முன்னால் இருந்தது என்றே நினைக்கிறேன்.

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பிள்ளை. கோயில் தவில் வித்துவான் ஒருவரிடம் எட்டு ஆண்டுகள் கற்றான். மாநில அரசு 17 மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. நாகசுரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொடுத்து, மாணவர்களுக்கு மாத ஊக்கத்தொகையும் தருகிறது. அந்தச் செய்தி அவனுக்குப் படிக்கும் வயதில் எட்டவில்லை, எனக்கும் அப்போது தெரியாது என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன். இப்போது முகூர்த்த மாதங்களில் தவில், மற்ற நாட்களில் உணவு விநியோகம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. போன மாதம் பார்த்தபோது, தவில் வாசிக்க வலக்கை விரல்களுக்குக் கூடு போட்டு நாளாகிறது என்றும், வண்டியின் ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி மணிக்கட்டு இறுகிவிட்டது என்றும் சொன்னான். தவில்காரனுக்கு மணிக்கட்டு என்றால் என்ன என்று தவில் கேட்டவர்களுக்குத் தெரியும்.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள் என்ற பேச்சை இனி ஏற்க என்னால் முடியாது. மேலே வந்தவர்கள் திறமையுள்ளவர்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் அவர்களில் மிகப் பலருக்கு 22 முதல் 28 வயது வரை வாடகையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாத ஒரு வீடு இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வங்கியிலும் ரயில்வேயிலும் பணியாற்றியபடியே பெரும் வித்துவான்களாக விளங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு நிரந்தரப் பணியும், கச்சேரிக்கு விடுப்புத் தரும் மேலதிகாரியும் இருந்தார்கள். இன்றைய ஒப்பந்த வேலையில் மதியம் ஒரு மணிக் கச்சேரிக்கு யார் விடுவார்கள்?

என் எண்ணத்தில் தேவைப்படுவது இதுதான்: பயிற்சிக்கான உதவி முடிந்த பிறகு, அதே கலைஞருக்கு மேலும் மூன்று ஆண்டுகள், கச்சேரி செய்வதற்காகவே ஓர் உதவி. ஆண்டுக்கு இத்தனை மேடை என்று நிபந்தனை வைக்கட்டும். அந்த மேடைகளில் பாதியாவது திருவொற்றியூர், ராயபுரம், பெரம்பூர் போன்ற இடங்களில், மாநகராட்சிப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் நடக்கட்டும். பாடுபவருக்குக் கொடுப்பதுபோலவே பக்கவாத்தியத்துக்கும் கொடுக்கட்டும். விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போது பக்கவாத்தியக்காரர் என்ற ஒருவர் இருப்பதே எழுதியவர்களின் நினைவில் இல்லையோ என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. தியாகராஜர் வந்து தங்கிய பந்தர் தெருவும், அவர் திரிபுரசுந்தரியைப் பாடிய திருவொற்றியூரும், வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த ராமகிருஷ்ண செட்டித் தெருவும் வடசென்னையில்தான் இருக்கின்றன. கச்சேரி கேட்க நாங்கள்தான் மயிலாப்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் மரபுக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. மணலியிலிருந்து எண்ணூர் வரை எத்தனை ஆலைகள் இருக்கின்றன! அவற்றில் நான்கைந்து சேர்ந்தால் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைத் தாங்கலாம். நம் பகுதி மாமன்ற உறுப்பினர்களும், ஆலை நிர்வாகங்களில் பணிபுரியும் நண்பர்களும் இதைப் படித்தால், தயவுசெய்து இந்த யோசனையை உரியவர்களின் காதில் போடுங்கள். விண்ணப்பம் எழுத, பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தர நான் வருகிறேன்.

அக்கா மகள் இந்த மாதம் முதல் இணையவழி வகுப்பு எடுக்கிறாள். மாணவர்கள் நால்வரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு மாலை என்பது நமக்கு விடியற்காலை. அவள் சாதகம் செய்துவந்த நாலரை மணி முதல் ஏழு மணி வரை இப்போது அவர்களுக்குத் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சொல்லிக்கொடுக்கிறாள். வரும் பணத்தில் வீட்டு வாடகையில் பாதியைக் கட்ட முடிகிறது என்பதில் அக்காவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். நேற்று இரவு பத்தரை மணிக்கு அவர்கள் வீட்டைக் கடந்தபோது உள்ளே அந்த வண்டின் ரீங்காரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "காலைல வாசிக்க முடியல சித்தி, இப்பதான் நேரம் கிடைச்சுது" என்றாள். குதிரை மேல் ரப்பர் துண்டு இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது.