கோர்ட் தொடரில் வக்கீல் வேடம்: ஏன் பாதிப்பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப்பேர் திட்டுகிறார்கள்?

கோர்ட் கதை எந்த டிவியில் வந்தாலும் நம்ம குமரி மாவட்டத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "வக்கீல்னா இப்படி இருக்கணும், என்ன பேச்சு!" என்று ஒரு கட்சி. "இது வக்கீலா, மேடைப் பேச்சாளரா?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பார்த்தது ஒரே காட்சி, ஒரே நடிகர். ஆளுக்கு ஆள் ரசனை வேறு என்று சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டு பேர் மனதிலும் இருக்கும் கோர்ட்டே வேறு வேறு. ஒருவர் மனதில் சினிமா கோர்ட். மற்றவர் மனதில் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் கோர்ட்டுகள். அஞ்சு சென்ட் நிலத்துக்கும் ஒரு நடைபாதைக்கும் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்த குடும்பங்கள் நம்ம ஊரில் உண்டு. அவர்களுக்குக் கூண்டு எங்கே இருக்கும், கோர்ட் ஊழியரான டவாலி எப்படிக் கூப்பிடுவார் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உண்மையான குறுக்கு விசாரணையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வக்கீல் கேட்கிறார்: "நீங்க சம்பவ இடத்துலயே இல்ல. போலீஸ் சொல்லிக் கொடுத்ததை இங்க வந்து சொல்றீங்க." சாட்சி சொல்வது ஒரே சொல்: "இல்ல ஐயா." நீதிபதி அதைத் தட்டச்சருக்கு இப்படிச் சொல்வார்: "நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், போலீசார் சொல்லிக் கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல." கேள்வியும் பதிலும் ஒரே வாக்கியமாகிப் பதிவாகிவிட்டது. அது ஏறி முடியும்வரை வக்கீல் நிற்க வேண்டும். தட்டச்சுச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி. அந்த இடைவெளியில் சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும், வக்கீலுக்கு அது தெரியும், தெரிந்தும் முகத்தில் காட்டாமல் நிற்பார். வக்கீல் தொழிலின் பாதி அந்த நிற்பில்தான் இருக்கிறது. இதை ஒரு நடிகர் திரையில் கொண்டுவந்தால், கோர்ட் தெரிந்தவர் "ஆளு அப்படியே வக்கீல்" என்பார். தெரியாதவர் "என்ன, இவ்வளவு மந்தமா இருக்கான்?" என்பார். சண்டை தொடங்கும் இடம் இதுதான்.

அடுத்தது, சாட்சி உடைகிற காட்சி. தொடரில் வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டுவார், சாட்சி அழுதுகொண்டே உண்மையைக் கொட்டிவிடுவார். நிஜத்தில் அந்தக் காகிதம் பெரும்பாலும் போலீஸ் விசாரணையில் அவர் முன்பு சொன்ன வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161, அதன் இடத்தில் வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 180. முரணாக இருக்கும் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுபோய், "இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்க வேண்டும். சாட்சியச் சட்டத்தில் 145 ஆக இருந்த இந்த விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 148. சாட்சி "சொல்லவில்லை" என்றால் கதை அங்கே முடியாது. பின்னால் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு நிரூபித்தால்தான் அந்த முரண் பலன் தரும். ஆக, கேள்வி கேட்ட நிமிஷத்தில் வக்கீலுக்கு வெற்றியே இல்லை, விதை போட்டதோடு சரி. அந்த இடத்தில் உதட்டோரம் சிரித்துக் கோட்டை உதறுகிற நடிகரைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவருக்குக் கோபம் வரும். கேஸ் கட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவரைப் பார்த்தால் மற்றவருக்குச் சப்பென்றிருக்கும். நான் கட்டை மூடுகிறவர் பக்கம்.

இதற்காக உரக்கப் பேசுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 'பாஸ்டன் லீகல்' (2004–2008) என்ற அமெரிக்கத் தொடரில் ஜேம்ஸ் ஸ்பேடர் நீளநீளமாக இறுதி வாதம் பேசுவார். ஆலன் ஷோர் என்ற அந்தப் பாத்திரத்துக்காக மூன்று முறை எம்மி என்ற அமெரிக்க டிவி விருது வாங்கினார். முதலாவது அந்தப் பாத்திரம் அறிமுகமான 'தி பிராக்டிஸ்' தொடருக்கு, மற்ற இரண்டும் 'பாஸ்டன் லீகலு'க்கு. அங்கே அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. பெரிய வழக்குகளில் எதிரே ஜூரி உட்கார்ந்திருக்கும். சட்டம் படிக்காத சாதாரண ஆட்கள். அவர்களை மனம் மாறவைக்க வக்கீல் நடக்கிறார், திரும்புகிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். நம் நாட்டில் 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி விசாரணை போய்விட்டது. இங்கே வக்கீல் பேச வேண்டியது மேலே இருக்கும் ஒரே ஒரு நீதிபதியிடம். ஜூரியே இல்லாத அறையில் அமெரிக்க வக்கீல் மாதிரி நடந்து, பார்வையாளர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினால் அந்த உடல்மொழிக்கு அர்த்தமே கிடையாது. வெளிநாட்டுத் தொடர் பார்த்துப் பழகியவருக்கு அது கம்பீரமாகத் தெரியும், கோர்ட் வராந்தாவில் காத்திருந்து பழகியவருக்குத் துருத்திக்கொண்டு தெரியும்.

நம்ம தமிழ்ப் பழக்கத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் கோர்ட்டில் பேசியதை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. ஆனால் அங்கே பேசுவது குற்றம் சாட்டப்பட்டவன். தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறவன் கொதிக்கலாம், குரல் உடையலாம். அந்தக் கொதிப்பை அப்படியே எடுத்து வக்கீல் வாயில் வைத்தது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. கட்சிக்காரரின் வலியை வக்கீல் தன் வலியாக அழுதால், கட்சிக்காரராக நடிப்பவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இனி, நடிகர் தப்பே இல்லாத ஒரு பகுதி. தினசரித் தொடரில் பல இடங்களில் வசனத்தை உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, நடிகர் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங். வீட்டுச் சமையலறைக் காட்சியில் இது ஓடிவிடும். குறுக்கு விசாரணையில் ஓடாது, ஏனென்றால் அங்கே பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதே அர்த்தம். சட்டென்று வரும் பதில் ஒன்று சொல்லும், அரை நொடி தயங்கி வரும் பதில் வேறொன்று சொல்லும். அடுத்த வரிக்காகக் காது கொடுத்து நிற்கும் தயக்கம், பார்ப்பவருக்குப் பொய் சொல்கிறவன் தயக்கமாகத் தெரியும். லைட்டை ஒரு பக்கம் போட்டு, கூண்டுப் பக்கத்து ஷாட்களை மொத்தமாக எடுத்துவிட்டு, வக்கீல் பக்கம் பிறகு எடுப்பதும் உண்டு. அப்போது எதிரில் சாட்சியாக நடிப்பவர் வீட்டுக்கே போயிருக்கலாம், வக்கீல் கேள்வி கேட்பது வெறும் சுவரைப் பார்த்து. கடைசியில் வேறொருவர் டப்பிங் குரல். மூன்றும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட நடிகரும் மரக்கட்டைதான். கெட்ட பெயர் மட்டும் அவருக்கு.

கேட்பது எவ்வளவு பெரிய நடிப்பு என்று குமரி மாவட்டத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் நாம். புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" சோர்ந்துபோனால் குடமும் உடுக்கையும் எவ்வளவு முழங்கினாலும் கதை படுத்துவிடும். கோர்ட் காட்சியில் எதிர்த்தரப்பு வக்கீலும் நீதிபதியும் அந்த "ஆமா" போடுகிறவர்கள். ஒரு கேள்விக்கு எழுந்து ஆட்சேபிக்கலாமா, விட்டுவிடலாமா என்று நாற்காலியில் அரை அங்குலம் அசைந்துவிட்டு அமர்கிற நடிகரை நான் பத்துப் பக்க வசனம் பேசுகிறவருக்கு மேலே வைப்பேன்.

பேச்சு வழக்கு பற்றி ஒரே வார்த்தை. குமரி ஆள் என்று காட்ட "ஏலே" போட்டு நெல்லையையும், கொஞ்சம் மலையாளத்தையும் கலந்து தருகிறார்கள். நம்ம மாவட்டத்துக்குள்ளேயே தோவாளைப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு. "அது எங்க வழியாக்கும்" என்று இயல்பாக ஒரு வரி வந்தால் போதும், சாட்சியை நம்பிவிடுவோம்.

பெண் வக்கீல் வேடத்துக்கு வரும் திட்டு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆண் நடிகர் மேசையைத் தட்டினால் வீரம், பெண் தட்டினால் திமிர். தணிந்து கேட்டால் "வக்கீலுக்கு லாயக்கில்ல". ஒரே அளவு குரலுக்கு இரண்டு விதமான மதிப்பெண். திருவிதாங்கூர் அரசு 1937-லேயே அன்னா சாண்டி என்ற பெண்ணை முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக, உட்கார வைத்தது. நம்ம மாவட்டமும் அன்றைக்குத் திருவிதாங்கூர்தான். பெண் நீதிபதி முன் வழக்கு நடப்பதைக் கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் முன்பே ஏற்றுக்கொண்ட நிலப்பகுதியில் இருந்துகொண்டு, திரையில் ஒரு பெண் கறுப்புக் கோட்டில் நேராக நின்று பேசினால் முகம் சுளிப்பது நியாயமில்லை.

இன்னொரு அநியாயம், குற்றவாளிக்கு ஆஜராகும் வக்கீலாக நடிப்பவர் நன்றாகச் செய்தால் அவரையே வெறுப்பது. அவர் கேட்கும் கேள்வி நமக்கு எரிச்சல் தந்தால் வேடம் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

நீதிபதி வேடத்தைத் தொடர் எடுப்பவர்கள் சுத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். மரச் சுத்தியலைக் கொடுத்து "ஆர்டர், ஆர்டர்" சொல்ல வைக்கிறார்கள். நம்ம கோர்ட்டுகளில் சுத்தியலே கிடையாது. ஆனால் நிஜ நீதிபதிக்கு ஒரு வேலை இருக்கிறது. சாட்சி சொல்லும்போது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது முக்கியம் என்று பட்டால் அதையும் குறித்துவைக்கலாம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 280-வது பிரிவு அது. தயங்கினாரா, தடுமாறினாரா, யாரையாவது பார்த்துப் பார்த்துச் சொன்னாரா என்று கவனிக்க வேண்டிய ஆள் அவர். அந்த வேடம் போடுபவர் வக்கீலின் வசனத்தை ரசித்துக்கொண்டிருக்காமல் சாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த கோர்ட் காட்சி வரும்போது டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பேசுகிறவரை விட்டு அந்த நாற்காலியைப் பாருங்கள்.