அப்பாவுக்கு ஏஎம்டி வாங்கியது கஞ்சத்தனம் இல்லை

சனிக்கிழமை நான் ஃபேஸ்புக்கில் போட்ட படத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா புது ஏஎம்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். லேப்டாப்பின் மூளையான பிராசஸரைத் தரும் இரண்டு கம்பெனிகள்தான் இன்டெல்லும் ஏஎம்டியும். அதற்கு நான் மிகவும் மதிக்கிற ஒரு அண்ணன், "பெத்தவங்களுக்கு வாங்கும்போது ரெண்டாயிரம் மூவாயிரம் பார்க்கக் கூடாதும்மா, இன்டெல்லே எடுத்திருக்கலாம்" என்று எழுதினார். நாற்பது பேருக்கு மேல் அதை லைக் செய்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொருவர், "வீட்டுல தம்பி இருக்கார்ல, அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், அந்த லேப்டாப்பைக் காசு மிச்சம் பிடிக்க வாங்கவில்லை. பக்கத்திலேயே வைத்திருந்த இன்டெல் லேப்டாப்பும் கிட்டத்தட்ட அதே விலைதான். வாங்கப் போவதற்கு முன் அப்பாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "இதுல நீங்க என்னென்ன செய்வீங்கப்பா?" அந்தக் கேள்விக்கான பதில்தான் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தது. கமென்டில் வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்பா பத்திர எழுத்தர். மன்னார்குடிப் பக்கம், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்துக்குப் பத்து அறையில் 41 வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கையால் எழுதிய காலம் போய், டைப்ரைட்டர் காலம் போய், இப்போது கம்ப்யூட்டர். வானவில் என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார். புதிதாக ஒரு கிரையம் எழுத வேண்டுமென்றால் அந்த இடத்தின் பழைய கோப்பைத் திறந்து நான்கெல்லையைச் சரிபார்ப்பார். பக்கத்தில் தாய்ப் பத்திரத்தின் ஸ்கேன், நாலைந்து வில்லங்கச் சான்று பிடிஎஃப், பின்னால் பதிவுத்துறை இணையதளம், எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வாசலில் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் பதிவு டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். 2018-ல் பதிவு ஆன்லைனுக்குப் போனதிலிருந்து இதுதான் அவருடைய தினசரி.

இப்படி வேலை செய்கிறவருக்கு என்ன வேண்டும்? நிறைய ரேம், நல்ல எஸ்எஸ்டி, தெளிவான திரை, விரலுக்கு இதமான கீபோர்டு. கரண்ட் போனால் தாங்க பேட்டரி. பிராசஸர் இந்தப் பட்டியலில் ஐந்தாவதோ ஆறாவதோதான். இதை நான் 11 வருடமாக ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரிக்கிறவளாகச் சொல்கிறேன். என் பொறுப்பில் 180 இயந்திரங்கள் இருக்கின்றன, இரண்டு கம்பெனியும் உண்டு. இத்தனை வருடத்தில் ஹார்ட் டிஸ்க் போய்ப் பார்த்திருக்கிறேன், எஸ்எம்பிஎஸ் என்கிற மின்சாரப் பெட்டி, ஃபேன், ஹிஞ்ச் எல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன். பிராசஸரே செத்தது ஒரே ஒரு தடவை. அது எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. இன்டெல் ஐ3 பிராசஸர், நான்காம் தலைமுறை. அந்த நீல ஸ்டிக்கர் கடைசி வரை கிழியாமல் இருந்தது. ஆனால் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்ததால் காலையில் ஆன் செய்துவிட்டு அப்பா போய் டீ குடித்துவிட்டு வருவார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏஎம்டியில் ரைசன் என்ற பிராசஸர்களில் 2000 வரிசையாவது வேண்டும். ஊரார் சொத்து விவரங்கள் எல்லாம் இருக்கிற இயந்திரத்தைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

சரி, கடைக்கு வருவோம். தஞ்சாவூரில் முதலில் போன கடையில் அந்தப் பையன் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்பாவுக்குத்தானே மேடம், யூடியூப் பார்ப்பாரு, வாட்ஸப் பார்ப்பாரு, ஐ3 எட்டு ஜிபி போதும்" என்றான். அப்பா மஞ்சப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். அதற்குள் பழைய பத்திரங்கள் இருக்கிற பென் டிரைவ். நான் ரைசன் லேப்டாப் ஒன்றைக் காட்டிக் கேட்டதும், அப்போதுதான் அப்பா பக்கம் திரும்பி, "அது வேணாம் சார், ஏஎம்டில தமிழ் சாஃப்ட்வேர்லாம் ஓடாது" என்றான்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. நாற்பது வருட உழைப்பு திறக்காமல் போய்விடுமோ என்ற பயம் அது. விற்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு பெரிய மனுஷரை இப்படிப் பயமுறுத்தலாமா?

அந்தப் பேச்சில் துளி உண்மை இல்லை. இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே கட்டளைத் தொகுப்பில், அதாவது பிராசஸருக்குப் புரியும் ஒரே மொழியில், ஓடுகிறவை. ஒன்றில் ஓடும் விண்டோஸ் மென்பொருள் மற்றதிலும் ஓடும். 1982-ல் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம் இரண்டு இடங்களிலிருந்து சிப் கிடைக்க வேண்டும் என்று விரும்பியதால், இன்டெல்லே ஒப்பந்தம் போட்டு ஏஎம்டிக்குத் தன் சிப்பைத் தயாரிக்கும் உரிமை கொடுத்தது. பிறகு 2003-ல், நிறைய ரேமைக் கையாளக்கூடிய 64 பிட் முறைக்குப் போகும்போது ஏஎம்டி வகுத்த முறையைத்தான் அடுத்த வருடம் இன்டெல்லும் எடுத்துக்கொண்டது. விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை இறக்கிப் பாருங்கள், இன்டெல் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து அந்தக் கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்றுதான் இருக்கும். கமென்டில் ஒருவர் "டூப்ளிகேட் கம்பெனி" என்று எழுதியிருந்தார், அவருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

உண்மையில் மென்பொருள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. 2024-லிருந்து ஸ்னாப்டிராகன் என்ற பிராசஸர் போட்ட லேப்டாப்புகள் நிறைய வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அது ஆர்ம் என்ற வேறு கட்டளைத் தொகுப்பு வகை, பழைய பிரின்டரின் டிரைவர் அதில் ஏறாமல் போகலாம். அப்பாவிடம் இருக்கும் லேசர் பிரின்டர் முத்திரைத்தாளைக் கசங்காமல் இழுக்கிறது என்பதற்காகவே அதை மாற்ற மாட்டேன் என்கிறார். அதனால் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. அப்பா என்ன செய்யப் போகிறார் என்று கேட்டிருந்தால்தான் இது தெரியும்.

இரண்டாவது கடையில் பென் டிரைவைப் போட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். அங்கே நடந்ததை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இரண்டு லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் 'ரைசன் 5' ஸ்டிக்கர். ஒன்று சில ஆயிரம் குறைவு. கமென்ட் போட்ட அண்ணன் நினைப்பதுபோல நான் காசுதான் பார்த்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். விலைச் சீட்டில் ஒன்று 7520யு, இன்னொன்று 7530யு. அப்பாவிடம் காட்டினேன். மூன்றாவது எண்ணைப் பாருங்கப்பா, 2 என்றால் ஜென் 2 என்கிற 2019-ஆம் வருட வடிவமைப்பு, உள்ளே வேலை செய்யும் பிரிவு, அதாவது கோர், நாலு. 3 என்றால் ஜென் 3, 2020-ல் வந்தது, ஆறு கோர். ஆனால் பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு சீட்டையும் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "சர்வே நம்பர் மாதிரிதாம்மா. 142-ல 2ஏ வேற, 2பி வேற. உட்பிரிவு மாறினா நிலமே வேற ஆளோடது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே ஒவ்வொரு சீட்டாகப் போய் எண்ணைப் படித்தார், ரேம் எவ்வளவு, பின்னால் கூட்ட முடியுமா என்று கேட்டார்.

இப்படிப் பெயர் வைத்தது ஏஎம்டி செய்த தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏஎம்டிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பீர்கள். பழைய சரக்குக்குப் புது எண் கொடுத்தால் வாங்குகிறவர் குழம்பத்தான் செய்வார். இன்டெல்லும் சளைத்ததில்லை. 'ஐ3-என்305' என்று ஒன்று இருக்கிறது, ஐ3 என்ற பெயர், உள்ளே இருக்கும் எட்டும் வேகம் குறைந்த சின்ன கோர்கள்தான். அங்கே இருந்த இன்டெல் 1215யு லேப்டாப்பும் அப்பாவின் வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதில் ரேம் 8 ஜிபி. 16 இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன், சனிக்கிழமை இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதனால்தான் 7530யு எடுத்தோம்.

"ஏஎம்டி சூடாகும்" என்பதற்கு வருகிறேன், பத்துப் பேராவது எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2001-ல் ஓடிக்கொண்டிருக்கும் ஏஎம்டியின் ஆத்லான் பிராசஸரின் மேல் சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் ஹீட்சிங்கை எடுத்ததும் புகை கிளம்பிய ஒரு வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அதே சோதனையில் இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. பிறகு 2011-ல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் வரிசையும் மின்சாரத்தைக் குடித்தது, வேகமும் இல்லை. அப்போது என்னைக் கேட்டிருந்தால் நானும் இன்டெல் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் 2017-ல் ரைசன் வந்ததோடு கதை மாறிவிட்டது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அளவுக்கு மேல் வோல்டேஜ் போய்க் கெட்டுப்போன விஷயத்தில் இன்டெல்லே வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அதை வைத்து நான் "இன்டெல் வாங்காதீங்க" என்று எங்காவது எழுதினேனா? அந்தந்த மாடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 25 வருடத்துக்கு முந்தைய புகையை இன்னும் என் அப்பாவின் லேப்டாப்பில் தேடாதீர்கள்.

சின்ன ஊரில் சர்வீஸ் கிடைக்குமா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த லேப்டாப்புகளில் பிராசஸர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை யாரும் தனியாகக் கழற்றி மாற்றப் போவதில்லை. லேப்டாப் கம்பெனிக்கு நம் ஊர்ப் பக்கம் ஆள் இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா என்பதுதான் முக்கியம். அதை விசாரித்துத்தான் வாங்கினேன். மறுவிற்பனை மதிப்பு பற்றிக் கேட்டவருக்கு: அப்பா அதை விற்கப் போவதில்லை.

"68 வயசுல இவ்வளவு பெரிய லேப்டாப் எதுக்கு" என்று கேட்டவருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வயதில் மனுஷர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உழைக்கிறார். இன்னொருவர் சொத்தின் எல்லையை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார். அவருக்கு யூடியூபும் வாட்ஸப்பும் போதும் என்று கடைப் பையன் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அப்பா அம்மா என்றால் பழையது போதும், குறைந்தது போதும், இல்லாவிட்டால் பேர் பெற்றதாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

தம்பியைக் கேட்டிருக்கலாம் என்றவருக்கு ஒன்று. தம்பியைக் கேட்டேன். "அக்கா, உனக்குத் தெரியாததா" என்றான். அவனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் வேலை என்னவென்று தெரிந்தவர்களே அந்தக் கமென்டுக்குச் சிரிப்பு போட்டிருந்ததைப் பார்த்தேன். வலித்தது.

ஆனால் அதற்காகவும் இவ்வளவு எழுதவில்லை. அப்பாவும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார். படத்தை ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறார், அத்தனை கமென்டையும் படித்திருக்கிறார். ஞாயிறு இரவு போன் செய்து, ரொம்ப நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, "ஏம்மா, நாம தப்பானதை வாங்கிட்டோமா? மாத்திக்கக் கடையில ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். கடையில் எண்ணை எண்ணாகப் படித்துத் தானே தேர்ந்தெடுத்த மனுஷர். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணா, நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு வாங்கும்போது கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். இன்டெல் சரியாக இருந்தால் இன்டெல்லே எடுப்போம். ஆனால் அம்மாவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்று இரவு அப்பாவிடம் 2009-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன், 22 பக்கம். போனைக் காதில் வைத்துக்கொண்டே திறந்தார். "வந்துடுச்சும்மா" என்றார். கூடவே வில்லங்கத்தையும் இணையதளத்தையும் திறக்கச் சொன்னேன். "எல்லாம் வந்துடுச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் முகூர்த்த நாள், டோக்கன் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களாம், நாலு பத்திரம் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.