வரப்பு மெட்ராஸ் வரை வராது

போன வாரம் ஒரு பெரியவர் வந்திருந்தார். பாதைத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டில் அப்பீல் போட்டு, அங்கேயும் தோற்றவர். மேசைமேல் புலப்படத்தை விரித்து, வரப்புக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "தம்பி, ஹைகோர்ட் ஜட்ஜய்யா இதை ஒரு தடவை பார்த்தா போதும், விளங்கிடும்." அங்கே இதைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

முதல் அப்பீலிலும் தோற்றவர் ஹைகோர்ட்டுக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து நடத்தும் இடம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவை 1976-ல் திருத்தியதிலிருந்து, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உயர் நீதிமன்றம் அப்பீலை எடுக்கும். அந்தக் கேள்வியை நீதிபதி எழுதி வைப்பார், வாதம் அதன்மேல்தான். யார் சாட்சியை நம்புவது, வேலி எந்த வருஷம் போட்டது என்பதெல்லாம் சப் கோர்ட்டோடு சரி. சங்கதியில், அதாவது நடந்தது என்ன என்பதில், கீழ்க்கோர்ட் எவ்வளவு பெரிய தப்பு செய்திருந்தாலும், அதற்காக மட்டும் இரண்டாம் அப்பீல் கிடையாது என்று, அப்போது நமக்குக் கடைசி அப்பீல் இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1890-லேயே சொல்லிவிட்டது.

கொடுமையாகத்தான் தெரியும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே வரப்புக்கு மூன்று தடவை விசாரணை என்றால் காசுள்ளவன் மட்டும்தான் கடைசி வரை நிற்பான்.

கதவை முழுக்கச் சாத்தியும் வைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போய் 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு பாதை வழக்கைப் (ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள்) படித்துப் பாருங்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது சங்கதி. அந்த வாசகத்துக்குச் சட்டப்படி என்ன பலன் என்பது சட்டக் கேள்வி. வேறு வழியே இல்லாததால் கிடைத்த பாதை உரிமை, வேறு வழி வந்ததும் போய்விடும். பாதை உரிமை போன்றவற்றுக்கான 1882-ஆம் வருஷச் சட்டம் (Easements Act) அப்படி. பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாதை அப்படிப் போகாது. முக்கியமான சாட்சியத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலோ, சாட்சியமே இல்லாமல் முடிவெடுத்தாலோ, நிரூபிக்கும் பொறுப்பைத் தப்பான ஆள் தலையில் வைத்தாலோ உயர் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

என் ஆத்திரமெல்லாம் நடுவில் இருக்கும் முதல் அப்பீல் மேல்தான். சங்கதியைத் திரும்ப அலசக்கூடிய கடைசி இடம் அது. எந்தெந்தப் பிரச்சினை, என்ன முடிவு, ஏன் என்று தீர்ப்பில் எழுதியாக வேண்டும் என்று அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 31 சொல்கிறது. பெரியவர் கொண்டுவந்த தீர்ப்பில் 'கீழமை நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட முகாந்திரம் இல்லை' என்று ஒரு வரி. நேரில் போய் அளந்த வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வக்கீல்களான நாங்களும் சும்மா இல்லை. "மெட்ராஸ்ல பார்த்துக்கலாம்" என்று சொல்லி, சப் கோர்ட்டில் பத்து நிமிஷத்தில் வாதத்தை முடித்துவிடுகிறோம். கட்சிக்காரருக்கு அங்கேயே பாதி வழக்கு போய்விடுகிறது, அது அவருக்குத் தெரிவதுகூட இல்லை. உங்கள் அப்பீல் இப்போது சப் கோர்ட்டில் இருந்தால், ஒவ்வொரு ஆவணத்தையும் அங்கேயே படித்துக் காட்டச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாம் அப்பீலுக்குக் கெடு 90 நாள். பெரியவருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. புலப்படத்தை மடிக்கச் சொல்லிவிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். பையின் அடியிலிருந்து எடுத்தார். மூன்றாம் பக்கத்தில், 'மேற்படி மாமூல் பாதையில் போக வர' என்று இருந்தது.