நாய்க்குக் கிடைத்த பெர்மிட்

இன்று ஒன்றாம் தேதி. காலையிலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது, வருந்துகிறோம் என்று. இது ஐந்தாவது வருத்தம். ஒவ்வொரு தடவையும் 9 டாலர் வாங்கிக்கொண்டுதான் வருந்துகிறார்கள், அந்தக் காசு திரும்பி வராது. அந்த 45 டாலரை என்னிடம் கொடுத்திருந்தால் இதைவிட நன்றாக வருந்தியிருப்பேன்.

அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் வேவ் பாறையைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 7 காலத்தில் கணினித் திரையில் ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதே சிவப்பு வரிப் பாறை. நேரில் போக ஒரு நாளைக்கு 64 பேருக்குத்தான் பெர்மிட். 48 பேருக்கு நாலு மாதம் முன்னாடியே குலுக்கல், மீதி 16 பேருக்கு இரண்டு நாள் முன்னாடி இன்னொரு குலுக்கல். மணற்பாறை, கூட்டம் ஏறினால் விளிம்பெல்லாம் நொறுங்கிவிடும், தெரியும். 2021க்கு முன்னால் 20 பேரைத்தான் விட்டார்கள், அதுவும் தெரியும். நியாயமெல்லாம் அவர்கள் பக்கம்தான். எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட்டே எனக்குக் கிடைத்திருக்கிறது, ஐயா.

இரண்டு நாள் குலுக்கல் இருக்கிறதே, அதை வீட்டிலிருந்து போட முடியாது. போன் அந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தால்தான் விண்ணப்பமே திறக்கும். அதனால் ஏப்ரலில் லீவு போட்டுவிட்டு ஃபீனிக்ஸிலிருந்து பேஜ் ஊருக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம், நாலரை மணி நேர ஓட்டம். விண்ணப்பிக்க மாலை 6 மணி வரை நேரம் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினேன். வழியில் கேமரன் என்ற ஊரைத் தாண்டியதும் போனில் மணி திடீரென்று ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. மனைவி பதறினாள். நான் விவரமானவன் இல்லையா, சிரித்துக்கொண்டே விளக்கம் கொடுத்தேன்: அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் மாற்றாது, நவஹோ பழங்குடியினரின் நிலம் அரிசோனாவுக்குள் இருந்துகொண்டே மாற்றும், அந்த நவஹோ நிலத்துக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றாது, பேஜ் மறுபடியும் அரிசோனா நேரம், ஆகவே இந்த போனை நம்பாதே. சொன்னதோடு விடாமல் வண்டியை ஓரம் கட்டி, போனில் நேரத்தை என் கையாலேயே அரிசோனாவுக்கு மாற்றி வைத்தேன்.

பேஜ் வந்தபோது 5 மணி. அறை எடுத்து, முகம் கழுவி, பீட்சா சொல்லிவிட்டு, 5.20க்குச் சாவகாசமாக விண்ணப்பத்தைத் திறந்தால், மூடியிருக்கிறது. சிக்னல் இல்லை போல என்று வைஃபையை அணைத்தேன். போனை அணைத்துப் போட்டேன். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, வானத்தைப் பார்த்து போனைத் தூக்கிப் பிடித்தபடி கோயில் பிரகாரம் மாதிரி மூன்று சுற்று. பக்கத்து அறைக்காரர் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் பொறுமையாகச் சொன்னார், அவர்கள் சொல்லும் 6 மணி யூட்டாவின் 6 மணி. யூட்டாவும் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றும், அங்கே அப்போது 6.25.

மேலே வந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பீட்சாவில் ஒரு துண்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலை 6 மணிக்கே (யூட்டா 6!) போட்டோம், சாயங்காலம் வழக்கம்போல வருத்தம் வந்தது.

சரி, இதையெல்லாம் விட்டுவிடலாம். அலுவலகத்தில் ஒருவன் இருக்கிறான், என் வாயிலிருந்துதான் வேவ் என்ற பெயரையே கேட்டான், விளையாட்டாக ஒரே ஒரு தடவை போட்டான், கிடைத்துவிட்டது. அவனுக்கு மட்டுமில்லை, அவன் நாய்க்கும். ஆமாம், நாய்க்கும் 7 டாலர் கட்டினால் பெர்மிட் உண்டு. நாய் படாத பாடு என்று இனிமேல் யாராவது என் முன்னால் சொல்லட்டும். அவனுக்கு வழியும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், எல்லாம் மனப்பாடமாயிற்றே. போக வர ஆறு மைலுக்கு மேல், போட்ட பாதையே கிடையாது, அவர்கள் தரும் படத்தை வைத்துப் பாறையை அடையாளம் பார்த்துத்தான் போக வேண்டும், ஹவுஸ் ராக் மண் சாலை மழை பெய்தால் களிமண் குழம்பு, நிழல் இல்லை, தண்ணீரை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள். கடைசியாக அவன் கேட்டான், நாய்க்குக் காலில் சூடு படாமல் இருக்க ஷூ எங்கே கிடைக்கும் என்று. தேடி அந்த லிங்கையும் அனுப்பினேன்.

இதற்கென்று நாங்கள் ஆரம்பித்த வாட்ஸப் குழு வேறு இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்ணப்பத்தில் போட மூன்று தேதி சொல்லுங்கள் என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். தினமும் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இன்று காலை அதற்குப் பதில் அனுப்பியிருக்கிறார்.

"எந்த டேட்னாலும் எனக்கு ஓகே தம்பி. காலைல ரொம்ப சீக்கிரம் மட்டும் வேண்டாம்."