தாமதம் வேறு, ஏமாற்று வேறு

பொங்கல் விழா மேடையில் என்னைக் கூப்பிட்டு என்ன செய்தார்கள் என்பதைக் குழுவில் சுற்றிய வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆப்டெரா என்ற மூன்று சக்கரச் சூரிய மின்காருக்கு முன்பதிவு செய்துவிட்டு இன்னும் காத்திருக்கிறேன் என்பதைத்தான் கேலி செய்தார்கள். மேடையில் தந்த அந்த மூன்று சக்கர பொம்மை வண்டியையும், "டெலிவரி ஆயிடுச்சு தம்பி, கையெழுத்துப் போடு" என்ற வசனத்தையும் யோசித்த அண்ணன் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நான் அமெரிக்காவில் சான் டியாகோவுக்கு வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். அதனால்தான் சிரித்த முகத்தோடு மேடையிலிருந்து இறங்கினேன். ஆனால் திரும்பி வரும்போது பின் சீட்டில் இருந்த என் மகள், "அப்பா, உங்கள ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. தாமதம் வேறு, ஏமாற்று வேறு. இதைப் பெரியவர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

ஆப்டெரா வண்டிக்கு நான் கொடுத்தது 100 டாலர் முன்பதிவுப் பணம். ஏன் கொடுத்தேன் என்று மேடையில் யாரும் கேட்கவில்லை. நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. என் பார்க்கிங் இடத்தில் ஒரு பிளக் கிடையாது. நிர்வாகத்திடம் கேட்டதற்கு, மீட்டர் அறையிலிருந்து தரையைத் தோண்டி வயர் இழுக்க வேண்டும், செலவு முழுக்க உங்களுடையது என்றார்கள். சொந்த வீடும் கராஜும் உள்ளவர்களுக்கு இது புரியாது. இந்த வண்டியின் மேலே சுமார் 700 வாட் சூரியத் தகடுகள். நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் கிடைக்கும். சாதாரண மின்கார் ஒரு யூனிட்டில் 3, 4 மைல்தான் ஓடும். இது 10 மைல் ஓடும் என்பது ஆப்டெரா கம்பெனியின் கணக்கு. அப்படியென்றால் வெயிலில் நிறுத்தி வைத்தாலே 40 மைல். நான் வேலைக்குப் போய்வரும் தூரம் அதற்குள் அடங்கிவிடும். முன்சக்கரங்கள் உடம்புக்கு வெளியே தனித்தனி உறைக்குள் நிற்பதும், பின்பக்கம் குறுகி ஒற்றைச் சக்கரத்தில் முடிவதும் வேடிக்கை காட்ட இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு போனால்தான் அந்த 10 மைல் வரும்.

"2021லயே தர்றேன்னு சொன்னாங்களே?" என்பீர்கள். சொன்னார்கள். 2020 டிசம்பரில் முன்பதிவு தொடங்கியபோது ஆரம்ப விலை 25,900 டாலர் என்றார்கள். இப்போது 40,000 பக்கம் பேச்சு. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் என்றார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தேதி தள்ளிப்போகும்போதும் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும். தள்ளிப்போனதைத் தள்ளிப்போனது என்று சொல்லுங்கள், திருட்டு என்று சொல்லாதீர்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சுகள் செய்யும் பட்டறையில், வேலை பார்த்தவன். கார் கதவின் உள்கைப்பிடிக்குப் பின்னால் வரும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதற்கு ஸ்டீலில் மோல்டு (அச்சு) செய்தோம். முதல் டிரையலில் வந்த பீஸ் பார்க்க அத்தனை அழகு. கதவில் பொருத்தி இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டால் ஒரு மூலையில் இடைவெளி. ஸ்டீலில் கூடுதலாக வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்து, மறுபடி மெஷினில் ஏற்றி, பாலிஷ் போட்டு, திரும்ப டிரையல். இடைவெளி போனது. அப்புறம் சூட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தால் வளைகிறது. மோல்டைக் குளிர்விக்கும் கூலிங் லைனை மாற்றினோம். வாரங்கள் மாதங்களாயின. ஒரு கிண்ணத்துக்கு இந்தப் பாடு. ஒரு முழு வண்டிக்கு, அதுவும் கையில் பெரிய முதல் இல்லாமல், பொதுமக்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டிச் செய்பவனுக்கு? ஒரு மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டுவது ஒரு வேலை. அதையே ஆயிரம் தடவை ஒரே மாதிரி செய்வது முற்றிலும் வேறு வேலை. அந்த இரண்டாவது வேலைதான் பணத்தையும் வருடங்களையும் தின்னும்.

"ஏற்கெனவே ஒருமுறை மூடின கம்பெனிதானே?" ஆமாம், 2011இல் மூடினார்கள். ஆனால் முன்பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஃபாம்ப்ரோவும் கிரிஸ் ஆன்டனியும் அதற்கு முன்பே வெளியே போயிருந்தார்கள். 2019இல் அதே ஆட்கள் அதே வண்டிக்காகத் திரும்பி வந்தார்கள். ஏமாற்றுகிறவன் தோற்ற இடத்துக்கே திரும்பி வரமாட்டான். ஜெர்மனியின் சோனோ கம்பெனி 2023இல் சியோன் என்ற சூரிய காரைக் கைவிட்டதே என்றால், ஆமாம், கைவிட்டது. அதுவும் தோல்விதான், திருட்டில்லை. நிகோலா என்ற கம்பெனி ஓடாத லாரியைச் சரிவில் உருளவிட்டு விளம்பரப் படம் எடுத்தது பாருங்கள், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் அந்தப் பெயரை.

"நீ பங்கு வாங்கியிருப்பே" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2025 அக்டோபரில் ஆப்டெரா நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் சரி, அதற்கு முன்பும் சரி, ஒரு பங்குகூட நான் வாங்கவில்லை. நம்பிக்கை வைப்பவனுக்கெல்லாம் உள்நோக்கம் இருக்க வேண்டுமா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய நண்பர் 2019 நவம்பரில் டெஸ்லாவின் சைபர்டிரக் என்ற மின்லாரிக்கு முன்பதிவு செய்தவர். அவர் கட்டியதும் இதே 100 டாலர்தான். 2021 கடைசியில் வரும் என்றார்கள். வாங்கியவர் கைக்கு முதல் வண்டி வந்தது 2023 நவம்பர் 30. 39,900 டாலர் என்று அறிவித்த விலை 60,990 ஆனது. அவருக்கு யாராவது பொம்மை லாரி கொடுத்தோமா? வண்டி வந்த அன்று எல்லோரும் போய்ச் சுற்றி நின்று படம் எடுத்தோம். நானும்தான் நின்றேன், மனதார வாழ்த்தினேன். டெஸ்லா 2017இல் காட்டிய புதிய ரோட்ஸ்டர் கார் 2020இல் வந்திருக்க வேண்டும். அதற்கு 50,000 டாலர் கட்டியவர்களை யாரும் ஏமாளி என்பதில்லை. ஆப்பிள் பத்து வருடம் கார் வேலை பார்த்துவிட்டு 2024இல் கைவிட்டபோது, பெரிய கம்பெனி, முயற்சி செய்தார்கள் என்றோம். பெரியவன் தாமதித்தால் அது கனவு, சின்னவன் தாமதித்தால் மோசடி. பெரியவனுக்காகக் காத்திருப்பவன் ரசிகன், சின்னவனுக்காகக் காத்திருப்பவன் கோமாளி. இது என்ன நியாயம் அண்ணே?

அதே டெஸ்லாவின் சார்ஜர் முனையை நாடு முழுக்கப் பொதுவாக்குங்கள் என்று 2022இலேயே மனு போட்டுக் கையெழுத்து வாங்கியது இந்தச் சின்ன கம்பெனிதான். மறு வருடம் ஃபோர்டும் ஜிஎம்மும் அதற்கு மாறுவதாக அறிவித்தன. அன்று கேட்டவர்களையும் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பீர்கள்.

என்னைக் கேலி செய்யலாம், நான் தாங்குவேன். என் பிள்ளைக்கு முன்னால், அவள் தோழிகளுக்கு முன்னால், அப்பா விவரமில்லாதவர் என்று காட்டியிருக்க வேண்டாம். மறுநாள் பள்ளியில் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

முன்பதிவை நான் ரத்து செய்யப் போவதில்லை. அண்ணன் இதைப் படித்தால் என்னிடம் பேச வேண்டாம், என் மகளிடம் ஒரு வார்த்தை பேசட்டும். மற்றவர்கள் கீழே "வந்துடுச்சா?" என்று எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வரவில்லை.